சூப்பரக்காவின் தலையணை உறை

உலகத்தில் இதுவரை வேலைக்கு ஆள் எடுத்த அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்தால் முதல் இடத்தில் என் சித்தி நிற்பாள். இரண்டாவது இடம் காலியாக இருக்கும். அதற்குத் தகுதியான ஆள் இன்னும் பிறக்கவில்லை. பெரிய பெரிய கம்பெனிகளில் கண்ணாடி அறைக்குள் நாலு பேர் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஐந்து சுற்று வைத்து, கடைசியில் தப்பான ஆளை எடுக்கிறார்கள். என் சித்தி ஒரே ஒரு தலையணை உறையை வைத்து ஐந்தே நிமிடத்தில் சரியான ஆளை எடுத்துவிடுவாள்.

அந்த உறையைத்தான் இப்போது கெடுத்துக்கொண்டிருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிற காரியம் இது. மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்தவுடன், மேசைமேல் ஒரு பழைய போர்வையை நாலாக மடித்துப் போடுவாள். அதன்மேல் வெள்ளை உறை. இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி, அதன் மூக்கை மட்டும் உறையின் மூலையில் வைத்து, உதட்டுக்குள் ஏழு வரை எண்ணுவாள். ஆறில் எடுத்தால் தண்ணீர் பட்டதும் போய்விடும். எட்டு என்றால் ஓட்டை. ஏழில் எடுத்தால் பால் தூக்கலாக விட்ட டீயின் நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கருகல் விழும். அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, "அழகா வந்திருக்குடி" என்பாள். பிறந்த குழந்தையைத் தூக்கிப் பார்த்துச் சொல்வது மாதிரி இருக்கும்.

சித்திக்கு வயது முப்பத்தாறு. ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜ்களுக்கும் துணி வெளுத்து, தேய்த்து, மடித்துக் கொடுக்கிற ஒரு பெரிய சலவைக் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே அவளை எல்லாரும் சூப்பரக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீலக் கோட்டு, அதன் பாக்கெட்டில் மூன்று பேனா. மூன்றில் ஒன்றுதான் எழுதும், எது என்று அவளுக்கே தெரியாது. நடந்தால் 'சளக் சளக்' என்று சத்தம் வரும் கறுப்பு ஷூ. பேசும்போது கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கி வந்துவிடும். அவள் கோபமாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. எல்லாவற்றுக்கும் "சரி, சொல்லு" என்பாள். வீடு இடிந்து விழுந்தாலும் "சரி, சொல்லு" தான்.

வேலைக்கு வருகிறவர்களுக்கென்று முதலாளி ஒரு படிவம் அச்சடித்து வைத்திருக்கிறார். பதினான்கு கேள்விகள். எங்கிருந்தோ பார்த்து எழுதியது என்று படித்தாலே தெரியும். 'ஐந்து வருடங்களுக்குப் பிறகு உங்களை எங்கே காண்கிறீர்கள்?' என்பது ஒன்பதாவது கேள்வி. ஒருவர் 'கண்ணாடியில்' என்று எழுதியிருந்தார். 'உங்கள் பலவீனம் என்ன?' என்பதற்கு ஓர் அம்மா 'முட்டி, இடது பக்கம்' என்று எழுதியிருந்தார். சித்தி அந்தப் படிவங்களை ஒன்றுகூட விடாமல் வாங்கி, ஒரு எழுத்துகூடப் படிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் சாமான் பட்டியல் எழுதுவாள். படிக்கிறது நான்தான். கணக்குப் பாடத்தில் இரண்டு தடவை கவிழ்ந்து, மூன்றாவது தடவைக்குப் 'படித்துக்கொண்டிருக்கிற' எனக்கு வீட்டில் வேறு பொழுதுபோக்கு இல்லை.

"ஏன் சித்தி படிக்க மாட்டேங்கிற?"

"என்னோடத நான் எப்படி எழுதினேன்னு எனக்குத் தெரியும்ல?"

அந்தக் கம்பெனியில் சேரும்போது, 'முன் அனுபவம்: ஏழு வருடம்' என்று எழுதினாளாம். எங்கே என்று கேட்டால் வீட்டில். அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேருக்கும் ஏழு வருஷம் சட்டை தேய்த்துப் போட்டிருக்கிறாள். "இதுல என்ன பொய் இருக்கு?" என்று இன்னமும் கேட்கிறாள்.

சித்தி வைக்கிற பரீட்சை இதுதான். கருகல் விழுந்த உறையைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, சுருட்டிக் கையில் கொடுப்பாள். ஈரத் துணியில் அந்த டீ நிறம் கண்ணுக்குத் தெரியாது. "இத தேச்சு, மடிச்சு வைங்க. அஞ்சு நிமிஷம்." அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டு கண்ணாடியைக் கழற்றுவாள். வாயால் ஊதுவாள். கோட்டு ஓரத்தால் துடைப்பாள். மறுபடி ஊதுவாள். ஐந்து நிமிடமும் துடைப்பாள்; எதிரே சுவர்தான். வந்தவர் தேய்க்கத் தேய்க்க ஈரம் காயும். காயக் காய, மூலையில் கருகல் எட்டிப் பார்க்கும். வந்தவருக்கு உயிர் போய்விடும். தான்தான் கருக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். வேறு யார் கருக்கியிருப்பார்கள், பெட்டி அவர் கையில்தானே இருக்கிறது?

அதன் பிறகு மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதை யாராவது புத்தகமாகப் போட்டால் தலையணை அளவுக்கு வரும். கருகலை உள்பக்கம் வைத்து மடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு விட்டத்தைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். பக்கத்து மேசைக் குவியலிலிருந்து ஒரு நல்ல உறையை உருவி மாற்றி வைத்தவர் ஒருவர். டை கட்டிக்கொண்டு வந்த ஒருவர், "உங்க பெட்டி சரியில்ல மேடம், நான் வேலை பார்த்த எடத்துல எல்லாம் வேற கம்பெனிப் பெட்டி" என்று ஆரம்பித்து, பெட்டிகளின் வரலாற்றையே சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நான் மடிச்சு வச்சேனே, இங்கதான வச்சேன்" என்று சித்தியோடு சேர்ந்து மேசைக்கு அடியில் குனிந்து தேடினாராம். சித்தியும் சளைக்காமல் கால் மணி நேரம் தேடியிருக்கிறாள்.

எங்கோ ஒருவர்தான், பத்தில் ஒருவர் என்று வையுங்கள், உறையை விரித்தபடியே தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, கருகிடுச்சு" என்பார்.

சித்தி திரும்புவாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கருகலைப் பார்ப்பாள், முதல் தடவை பார்ப்பது போலவே. "துணிதான கருகிச்சு, கை இல்லையே?" என்பாள். வேலை கிடைத்துவிட்டது.

இதை நான் செய்திருந்தால் குறும்பு என்று முதுகில் நாலு விழும். சித்தி செய்தால் நேர்முகத் தேர்வு. ஒரு நாள் இதைக் கேட்டேவிட்டேன். அவள் கோட்டுக் கையை மடக்கி மேலே ஏற்றினாள். முழங்கைக்குக் கீழே ஒரு நீளமான தழும்பு. தோல் அங்கே பாலாடை மாதிரி சுருங்கிக் கிடக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் துண்டு ஒன்றைக் கருக்கிவிட்டு, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சூடு ஆறுவதற்குள் துண்டு அடுக்கின் நடுவில் செருகிவிட்டான். அடுக்குக்குள் போன சூட்டுக்கு வெளியே வர வழியில்லை. உள்ளுக்குள்ளேயே கனன்று, நாலு மணி டீ வேளையில் ஸ்டோர் ரூம் பற்றிக்கொண்டது. முந்நூறு விரிப்பு சாம்பல். உள்ளே அகப்பட்ட ஒரு பெண்ணை இழுத்து வந்ததில் சித்தியின் கையில் இந்தக் கோடு.

"கருக்காம எவன் தேய்ப்பான்? நானே மாசம் ரெண்டு கருக்கிறேன்" என்றாள். "கருக்கிட்டு வாயத் தொறக்கிற ஆளு வேணும் எனக்கு. மத்ததெல்லாம் ரெண்டு நாள்ல சொல்லிக் குடுத்துடலாம்."

இதில் பெரிய தமாஷ் என்னவென்றால், அப்படி எடுத்த பன்னிரண்டு பேருக்கும் இன்றுவரை உண்மை தெரியாது. பன்னிரண்டு பேரும், முதல் நாளே உறையைக் கருக்கின தன்னைச் சூப்பரக்கா மன்னித்து வேலை கொடுத்தாள், அதை வெளியில் மூச்சு விடவில்லை என்று நம்புகிறார்கள். விரிப்புகளை உருளை இயந்திரத்தில் விடுகிற அக்கா ஒரு நாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "யாருகிட்டயும் சொல்லாத. மொத நாளு ஒரு உறைய கருக்கிட்டேன். உங்க சித்தி இன்னி வரைக்கும் சொல்லிக் காட்டினதில்ல. அதுக்காகவே நான் லீவு போடுறதில்ல" என்றாள். இதே ரகசியத்தை, இதே போல் ஓரமாகக் கூப்பிட்டு, இதுவரை நாலு பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நாலு தடவையும் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்படியா!" என்றேன். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் பத்திரிகை படிக்கிற வழக்கம் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இனி மாடி வீட்டு மாமா.

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே அவரும் மாமியும் இருக்கிறார்கள். ஒரு செருப்புக் கடையில் பதினாறு வருஷம் ஸ்டோர் பார்த்தவர். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். "ஆறு நம்பர், வலது கால் கொஞ்சம் அகலம்" என்று என்னைப் பார்த்த முதல் நாளே சொன்னார். கடையை மூடிவிட்டார்கள். எட்டு மாதமாக, தினமும் காலை ஒன்பது மணிக்கு, நீல பிளாஸ்டிக் ஃபைலை இடுக்கிக்கொண்டு, பளபளவென்று துடைத்த ஷூவோடு படியிறங்குவார். சாயங்காலம் அதே ஃபைலோடு ஏறுவார். போகிற இடங்களிலெல்லாம் அவருடைய வயதைப் பார்க்கிறார்கள், சட்டையைப் பார்க்கிறார்கள், கம்ப்யூட்டர் தெரியுமா என்று பார்க்கிறார்கள். ஷூவை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது புரியாது. மூன்று மாதத்துக்கு முன்னால், சும்மா இருக்க முடியாமல், என் சிநேகிதியின் போனிலிருந்து மாமாவைக் கூப்பிட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மூக்கால் பேசுவார். அந்தக் குரல் எனக்கு அச்சாக வரும். "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க சார். நாளைக்குக் காலைல பத்து மணி. ரெண்டு போட்டோ கொண்டாங்க" என்று சொல்லி, கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற நீளமான தெருவின் பெயரைச் சொல்லி, வாயில் வந்த எண்ணைச் சொன்னேன்: நூற்று நாற்பத்திரண்டு. அவர், "ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றிங்க" என்று ஆறு தடவை சொன்னார். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் மாலை அவர் கீழே வந்து என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"நம்பர தப்பா எழுதிக்கிட்டேன் போலங்க. தெரு தொண்ணூத்தாறோட முடிஞ்சு போச்சு. ரெண்டு தடவ மேல போயிட்டு கீழ வந்தேன். எந்திரிச்சு நின்னு பேசினேனா, சந்தோஷத்துல தப்பா எழுதிட்டேன். என் மேலதான் தப்பு. அவங்க நான் வரலன்னு நெனச்சிருப்பாங்க, பாவம்."

'பாவம்' என்று அவர் சொன்னது அந்தக் கம்பெனியை. அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். போய்ச் சொன்னேனா என்றால், இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று மாதம் போய்விட்டது.

அதனால்தான், சித்தியின் கம்பெனியில் ஸ்டோருக்கு ஆள் வேண்டும் என்றதும் நான் அம்மாவைக் குடைந்து, அம்மா மாமாவிடம் சொல்லி, மாமா விண்ணப்பம் போட்டார். சித்தி மட்டும் கறாராகச் சொல்லிவிட்டாள்: "மாடி வீடு, கீழ் வீடெல்லாம் அங்க கெடையாது. உறைய தேச்சுக் காட்டணும்."

 எட்டு மாதமாக வேலை இல்லாத மனுஷன் கையில் கருகின துணியைக் கொடுத்தால் என்ன செய்வார்? மடிப்பார். நானாக இருந்தால் நாலாக மடித்து மேலே உட்கார்ந்துகொள்வேன். இந்த ஒரு வேலையும் போய்விட்டால், அடுத்த மாதம் மாமியின் ஊருக்கே போய்விடப் போவதாக மாமி அம்மாவிடம் சொல்லி அழுததையும் கேட்டிருந்தேன்.

மூன்று நாள் சித்தியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "உறை புதுசா பழசா சித்தி?" "எந்த மூலைல வச்சிருக்க?" "வெள்ளிக்கிழமதான?" சித்தி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வியாழக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் மாமாவை மறித்தேன்.

"மாமா, நாளைக்கு ஒரு உறை குடுப்பாங்க. தேச்சா மூலைல கருகின மாதிரி தெரியும். நீங்க கருக்கல, அது முன்னாடியே இருக்கிறது. மறைக்காதீங்க. நேரா போயி, 'கருகிடுச்சு'ன்னு சொல்லிடுங்க. வேலை உங்களுக்குத்தான்."

மாமா ரொம்ப நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுக்கிட்டுப் போறது சரியாம்மா?"

"மாமா, எட்டு மாசம்!"

"சரிம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு சித்திக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோகிற சாக்கில் உள்ளே நுழைந்தேன். நுழைந்ததுமே முகத்தில் ஈரத் துணியைப் போட்டது போல ஆவி அடிக்கும் இடம் அது. அழுக்கு விரிப்பு மலை போல் ஏற்றின ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னலோர மேசையில் மாமா. தலையில் எண்ணெய் தடவி வாரியிருந்தார். சித்தி சுருட்டின உறையைக் கொடுத்தாள். "தேச்சு, மடிச்சு வைங்க. அஞ்சு நிமிஷம்." திரும்பிக் கண்ணாடியைக் கழற்றினாள்.

மாமா தேய்த்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புது ஷூவை மெல்லிய தாளில் சுற்றுகிற கை அல்லவா! ஒரு சுருக்கம் விடவில்லை. முழுக்கக் காய்ந்ததும் உறையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்தை வெளியே எடுத்துப் பார்த்தார். நானும் வண்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். பளிச்சென்று பல் விளக்கின மாதிரி வெள்ளை. ஒரு பொட்டு கருகல் இல்லை.

மாமா உறையும் கையுமாக அரை நிமிடம் நின்றார். பிறகு நேராகப் போய், தொண்டையைச் செருமி, "மேடம், கருகிடுச்சு" என்றார்.

சித்தி கண்ணாடியை மாட்டினாள். "எங்க?"

மாமா உறையைப் பார்த்தார். "எங்கயோ" என்றார்.

உருளை இயந்திரத்துப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அந்த அழுக்கு விரிப்பு மலைக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. போச்சு. இந்தத் தடவையும் என்னால்தான் போச்சு.

மாமாவின் காது மடல் சிவந்துவிட்டது. உறையை மெதுவாக மேசைமேல் விரித்து வைத்தார்.

"கருகல மேடம். கருகியிருக்கும், போய் ஒத்துக்குங்கன்னு ஒருத்தங்க சொல்லிக் குடுத்தாங்க. அத வச்சுக்கிட்டுச் சொல்லிட்டேன். தெரிஞ்சேதான் பண்ணினேன். தப்புதான்."

"யாரு சொன்னது?"

"அது வேணாம் மேடம். எனக்கு நல்லது நெனச்சுச் சொன்னாங்க. வேலை குடுக்கலன்னாலும் பரவால்ல."

 மாமா வழக்கம் போலச் சித்தியின் காலைப் பார்த்தார். பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"நீங்க அஞ்சு நம்பர் மேடம். ஆறு போட்டிருக்கீங்க. பின்னாடி பஞ்சு வச்சிருக்கீங்களா? குதிகால் வலிக்குமே."

கம்பெனி கொடுத்த ஷூ அது. நாலு வருஷமாகச் சித்தி பஞ்சை அடைத்துக்கொண்டு 'சளக் சளக்' என்று நடக்கிறாள். ராத்திரி காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறாள். ஏன் என்று அதே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியாது. கூடப் பிறந்த என் அம்மாவுக்கும் தெரியாது.

"சரி" என்றாள் சித்தி. 'சொல்லு' என்பதை முதல் தடவையாக விட்டுவிட்டாள். "ஸ்டோர்ல பதினெட்டு அளவு விரிப்பு இருக்கு. கலந்து கெடக்கு. திங்கக்கிழம எட்டு மணிக்கு வந்துடுங்க."

மாமா கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைத்தேன். அவர் ஃபைலைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

"கட்டட நம்பர மட்டும் எழுதிக் குடுத்துடுங்க மேடம்."

"இங்கதான நிக்கிறீங்க?"

"ஆமா மேடம். இருந்தாலும் உங்க கையால எழுதிட்டா நல்லது. முன்னாடி ஒரு தடவ போன்ல வேலைன்னு சொன்னாங்க. நூத்தி நாப்பத்திரெண்டுன்னு நான் தப்பா எழுதிட்டேன். அந்தத் தெருவுல அப்படி நம்பரே இல்ல. பேசின அம்மாவுக்கு மூக்கடைப்போ என்னமோ, மூக்கால பேசினாங்க. அதான் எனக்குச் சரியா வெளங்கலன்னு நெனைக்கிறேன்."

சித்தி மூன்று பேனாவையும் மாறி மாறிக் கிறுக்கிப் பார்த்தாள். மூன்றாவது எழுதியது. எண்ணை எழுதி, அடியில் கோடு போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். எழுதும்போது அவள் தலை நிமிரவில்லை. தள்ளுவண்டிப் பக்கம் திரும்பவும் இல்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று டப்பாவை மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆறரைக்கு சித்தி வந்தாள். ஷூவைக் கழற்றி, உள்ளேயிருந்து இரண்டு பஞ்சு உருண்டைகளை எடுத்து ஓரமாக வைத்தாள். அம்மா கொடுத்த டீயைக் குடித்தாள். மாடியில் 'சரக் சரக்' என்று பிரஷ் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைக்கு, வெள்ளிக்கிழமையே மாமா ஷூ துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏய், இங்க வா" என்றாள் சித்தி, ரொம்பச் செல்லமாக. "தலைவலியா இருக்குடி. உங்க ஹெட்மாஸ்டரம்மா மாதிரி பேசிக் காட்டேன். சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

பாராட்டுக்கு மயங்காத கலைஞர் யார்? மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஆரம்பித்தேன். "மாணவிகளே! வராந்தாவுல என்ன சத்தம்?" சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. "அந்தக் கடைசி பெஞ்சு, எழுந்து நில்லுங்க!"

"அதே குரல்ல," என்றாள் சித்தி, கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "நூத்தி நாப்பத்திரெண்டுன்னு சொல்லு."

"நூத்தி நாப்..."

வாய் அப்படியே நின்றுவிட்டது. சிரிப்பு சித்தியின் முகத்திலிருந்து எப்போது போனது என்று தெரியவில்லை. அம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எந்த உறை, என்னைக்குன்னு இதுவரைக்கும் நீ ஒரு வார்த்த கேட்டதில்ல" என்றாள் சித்தி. "மூணு நாளா உறை புதுசா, எந்த மூலைன்னா, நான் என்ன கூமுட்டையா? அதான் நல்ல உறையக் குடுத்தேன். நீ பண்ணினது அது ஒண்ணுதான்னு நெனச்சேன். இன்னொண்ண அவரே சொல்லிட்டாரு, பாவம், அவருக்கே தெரியாம."

"சித்தி, நான் அது சும்மா வெளையாட்டுக்கு... அப்புறம் நான்தான அவருக்கு..."

"சரி, சொல்லு."

சித்தி பையைத் திறந்து அந்தக் கருகல் உறையை எடுத்தாள். அவளே ஏழு எண்ணிச் செய்தது. கருகல் மேலே தெரியும்படி விரித்து, மேசையில் என் பக்கமாகத் தள்ளினாள். மாடியில் பிரஷ் சத்தம் நின்று, நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

சித்தி எழுந்து எனக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள். வாயால் ஊதினாள். கோட்டு ஓரத்தால் துடைக்க ஆரம்பித்தாள்.